முதல் ஸ்பூன் உணவு: குழந்தை என்ன செய்கிறது, எங்கே திருத்துவது

ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறது. ஊட்டிய கூழ் முழுக்கத் தாடையில் வழிகிறது. மூன்று நாளாக மலம் போகவில்லை. வாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. திட உணவு தொடங்கும் வீடுகளில் முதல் மாதம் இந்தப் புகார்களோடுதான் ஓடும். உடனே எல்லாரும் உணவைத்தான் மாற்றுவார்கள். அரிசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓட்ஸ், ஓட்ஸ் வேண்டாம் என்று உருளைக்கிழங்கு, அதுவும் போய் டப்பா உணவு. உண்மையில் கோளாறு பெரும்பாலும் உணவில் இருக்காது. ஊட்டும் நேரம், உட்காரவைக்கும் விதம், கூழின் பதம், ஸ்பூன் பிடிக்கும் கை ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கும். கீழே உங்கள் சிக்கலைத் தேடுவதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

தொண்டையில் சிக்கியதுபோல் இருக்கிறது

இதை மட்டும் முதல் ஸ்பூனுக்கு முன்பே படித்துவிடுங்கள். சிக்கிய பிறகு படிக்க நேரம் இருக்காது.

ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும். நாக்கை முன்னால் நீட்டும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், "உவ்வே" என்று உணவைத் தானே முன்னுக்குத் தள்ளிவிடும். ஆறு மாதத்தில் ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் பெரியவர்களைவிட முன்னாலேயே இருக்கிறது. வயது ஏற ஏற அது பின்னுக்குப் போகும். ஆகவே இது குழந்தையின் பாதுகாப்பு ஏற்பாடு. கை வைக்காதீர்கள், முதுகில் தட்டாதீர்கள், "ஐயோ" என்று கத்தவும் வேண்டாம். உங்கள் பதற்றத்தைப் பார்த்துத்தான் குழந்தை அழும்.

மூச்சடைப்பில் சத்தம் வராது. அழ முயலும், குரல் எழாது. இருமல் வராது, அல்லது காற்றில்லாத மெல்லிய இருமலாக வரும். உதடும் முகமும் நீலமாகும். உடனே குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையையும் தலையையும் கையால் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே மார்பு அழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவவும் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும்.

முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட், பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய சாசேஜ் எதுவும் இந்த வயதுக்கு வேண்டாம். திராட்சை பின்னாளில் கொடுத்தாலும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டிய வட்டம் மூச்சுக்குழாய்க்குச் சரியான மூடியாகப் போய் உட்காரும்.

ஓங்கரிப்பும் மூச்சடைப்பும் இல்லாமல் மூன்றாவது ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் இருமல், சாப்பிட்டதும் சளி கட்டியதுபோல் ஈரக் குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி. இது விழுங்குவதிலேயே உள்ள சிக்கலாக இருக்கலாம். வீட்டில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாக்காலேயே வெளியே தள்ளிவிடுகிறது

முதலில் வயது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 6 மாதம், அதாவது 180 நாள். பிறந்த குழந்தைக்கு நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சை இருக்கும். அது 4 முதல் 6 மாதத்துக்குள் மெல்ல மறையும். மறையாதவரை எதைக் கொடுத்தாலும் திரும்பி வரும். தலை ஆடாமல் நிற்கிறதா, சாய்மானம் கொடுத்தால் உட்காருகிறதா, நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

வயது சரி, இன்னும் தள்ளுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்பூன்தான் காரணம். நுனி ஸ்பூனில் பட்டாணி அளவு கூழ் எடுங்கள். குழந்தையின் வாய் மட்டத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். குழந்தை அதைப் பார்க்கட்டும், வாயைத் திறக்கட்டும். திறந்ததும் ஸ்பூனைக் கிடைமட்டமாகக் கீழுதட்டின் மேல் வைத்து, நாக்கின் முன்பகுதியை லேசாகத் தொடும் அளவு உள்ளே விடுங்கள். அப்படியே ஒரு நொடி நிறுத்துங்கள். மேலுதடு இறங்கி வந்து கூழை வழித்தெடுக்கும். அப்புறம் நேராக வெளியே இழுங்கள்.

நிறையப் பேர் செய்வது, ஸ்பூனை வெளியே எடுக்கும்போது மேலே தூக்கி, மேல் ஈறில் கூழைத் தேய்த்துவிடுவது. உணவு உள்ளே போகும், உண்மைதான். ஆனால் உதட்டை மூடி எடுக்கக் குழந்தை கற்றுக்கொள்ளாது. மறுபடி நாக்குதான் முன்னால் வரும், கூழ் தாடையில் இறங்கும். தாடையில் வழிந்ததை ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டி மறுபடி வாயில் வைப்பதும் வேண்டாம். பாதி ஊட்டலில் முகத்தைச் சுரண்டினால் எந்தக் குழந்தைக்கும் எரிச்சல் வரும். சாப்பிட்டு முடித்ததும் ஒரே தடவையாகத் துடையுங்கள்.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். மடியில் சரிந்து படுத்திருக்கும் குழந்தைக்குக் கூழ் தானாகவே தொண்டைக்கு ஓடும். அதைத் தடுக்கத்தான் நாக்கால் தள்ளுகிறது. முதுகு நேராக, இடுப்பு மடங்கி, கால் தொங்காமல் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். ஹை சேரில் இடைவெளி அதிகமென்றால் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். கால் ஊன்றியதும் கழுத்து நிலைப்பதை நேரிலேயே பார்க்கலாம்.

வாயையே திறக்க மாட்டேன் என்கிறது

நேரம் தப்பியிருக்கும். பசி முற்றிய குழந்தைக்குப் பால்தான் வேண்டும். ஸ்பூனைப் பார்த்தால் அழும். வயிறு நிறையக் குடித்த குழந்தைக்கோ எதுவும் வேண்டாம். தூங்கி எழுந்து, கொஞ்சம் பால் குடித்து, அரைப்பசியோடு விளையாடும் நேரம்தான் சரி. தொடக்கத்தில் காலை வேளையே நல்லது. புது உணவில் ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும்.

முகத்தைத் திருப்புவது, உதட்டை இறுக்குவது, ஸ்பூனைத் தட்டிவிடுவது மூன்றுமே "போதும்" என்பதன் குழந்தை மொழி. முதல் தடவை சற்று நிறுத்தி மறுபடி காட்டுங்கள். இரண்டாம் தடவையும் திரும்பினால் அந்த வேளை அவ்வளவுதான். போனில் வீடியோ ஓடவிட்டு, வாய் தானாகத் திறக்கும்போது உள்ளே தள்ளுவது இன்றைக்கு உதவும். பத்தாம் மாதத்தில் போன் இல்லாமல் ஒரு வாய்கூட இறங்காது. அந்தப் பழக்கத்தை விடவைக்கப் படும் பாடு, இன்று ஒரு வேளை குறைவதைவிடப் பெரிது.

ஒரு காய்கறியை மூன்று முறை துப்பியதும் "பிடிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். சில சுவைகள் 8, 10, சமயத்தில் 15 முறை நாக்கில் பட்ட பிறகுதான் பழகும். முகம் சுளிப்பது வெறுப்பு அல்ல, புதுச் சுவைக்கு வரும் வழக்கமான எதிர்வினை. தினமும் ஒரு டீஸ்பூன் மட்டும் தட்டில் வையுங்கள்.

பல் முளைக்கும்போதும், மூக்கடைத்திருக்கும்போதும், காய்ச்சலிலும் சாப்பாடு குறையும். அப்போது பாலை அதிகமாகக் கொடுத்து, திட உணவைக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறிய இரண்டு வாரத்தில் பசியும் திரும்பும்.

கூழின் பதம் வரவில்லை

பதம் பார்க்க எளிய வழி: ஸ்பூனில் எடுத்துச் சரியுங்கள். தண்ணீர்போல் ஓடினால் நீர்த்தது. சாய்த்தும் விழவே இல்லையென்றால் கெட்டி. மெதுவாக, மொத்தையாக நழுவி விழுந்தால் அதுதான் தொடக்கப் பதம்.

தொண்டையில் சிக்கும் என்று பயந்து பலர் தண்ணீராகவே கொடுப்பார்கள். குழந்தையின் இரைப்பை கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு அதிகம் போனால் 240 மி.லி. அதில் பாதியைத் தண்ணீரே பிடித்துக்கொண்டால் சத்துக்கு இடம் ஏது? வயிறு நிறைந்ததுபோல் இருக்கும், எடை ஏறாது.

தானியம் 2 டேபிள்ஸ்பூன், பருப்பு 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 300 மி.லி. இதைக் குழைய வேகவைத்து மசித்தால் சரியான பதத்துக்குப் பக்கத்தில் வரும். இறக்கியபின் அரை முதல் 1 டீஸ்பூன் எண்ணெய் அல்லது வெண்ணெய். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சமைத்த பண்டத்தில் சேர்த்தாலும் ஆபத்து போகாது.

அடுப்பில் சரியாக இருந்த கூழ் கிண்ணத்தில் கட்டியாகிவிடுகிறதா? மாவுச்சத்து ஆறும்போது இறுகும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கும்போது வேண்டியதைவிடச் சற்று இளக்கமாகவே இருக்கட்டும். மறுபடி இளக்கத் தாய்ப்பால், பவுடர் பால் (குழந்தைகளுக்கான ஃபார்முலா), காய்கறி வெந்த நீர் எதுவானாலும் சரி.

உருளைக்கிழங்கு பசைபோல் இழுக்கிறதா? மிக்ஸியில் போட்டிருப்பீர்கள். பிளேடு மாவுச்சத்தை உடைத்து வெளியே விட்டுவிடும். கையால் மசித்து வடிகட்டியில் தேய்த்தெடுத்தால் பசை வராது.

இன்னொன்று பலரையும் குழப்பும். ஊட்டத் தொடங்கும்போது கெட்டியாக இருந்த கூழ், பாதி ஊட்டியதும் தண்ணீராகிவிடுகிறது. பாத்திரத்தில் கோளாறு இல்லை. குழந்தையின் எச்சில் ஒட்டிய ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போகிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைக்கிறது. அதே எச்சிலோடு கிருமியும் போகும். ஆகவே ஊட்டும் அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். எச்சில் படாத கூழை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை வரும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கலக்கி, மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு ஸ்பூனோடு நிறுத்திவிடுகிறது

முதல் வாரத்தில் 2, 3 ஸ்பூன்தான் இயல்பு. 6 முதல் 8 மாதம்வரை நாளைக்கு 2, 3 வேளை, மெல்ல மெல்ல வேளைக்கு 125 மி.லி. அளவுக்கு வந்தால் போதும். 9 மாதத்துக்குப் பின் 3, 4 வேளை. 6 முதல் 8 மாதத்தில் திட உணவிலிருந்து வேண்டியது நாளைக்குச் சுமார் 200 கலோரிதான். மீதி பாலிலிருந்து வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு கிண்ணம் சாப்பிடுவது கணக்கில் வராது. எடைக் குறிப்பேட்டில் கோடு தன் போக்கில் ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

அளவைவிடக் கவலைப்பட வேண்டியது இரும்புச்சத்தைப் பற்றி. பிறக்கும்போது சேமித்துக் கொண்டுவந்த இரும்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளைக்கு 11 மி.கிராம் என்று அமெரிக்கப் பரிந்துரை இருக்கிறது. வெறும் சோற்றுக் கூழும் ஆப்பிள் கூழும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இறைச்சி, முட்டை, பருப்பு, இரும்பு சேர்த்த தானிய மாவு ஆகியவற்றில் ஒன்று முதல் வாரங்களிலேயே தட்டுக்கு வரட்டும். பருப்போடு கொஞ்சம் தக்காளியோ புளிப்புப் பழமோ சேர்ந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். முதல் மாதம் முழுக்கப் பழம் மட்டுமே கொடுப்பது எங்கள் பார்வையில் வீணான மாதம்.

பால் குடிப்பது சட்டென்று குறைந்துவிட்டது

திட உணவை அதிக வேகமாக ஏற்றிவிட்டீர்கள். ஒரு வயதுவரை பால்தான் முதன்மை உணவு. பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு 7 முதல் 9 மாதத்தில் சுமார் 600 மி.லி. தேவைப்படும். முதலில் பால், பிறகு ஸ்பூன் என்று வரிசையை மாற்றுங்கள். தண்ணீர் உணவோடு சில மடக்குப் போதும், நாள் முழுக்கச் சேர்த்தும் 240 மி.லி. தாண்ட வேண்டாம். பசும்பாலைச் சமையலில் சேர்க்கலாம், குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குப் பிறகுதான். இரவில் நன்றாகத் தூங்கட்டும் என்று படுக்கும் முன் வயிறு முட்ட ஊட்டுவதும் உதவாது. இந்த வயதில் இரவில் விழிப்பதற்குப் பசி மட்டும் காரணமில்லை.

மலம் மாறிவிட்டது

நிறம், மணம், கெட்டித்தன்மை மூன்றும் மாறத்தான் செய்யும். கேரட் துண்டு, பட்டாணித் தோல் அப்படியே டயப்பரில் வரும். பீட்ரூட்டுக்குப் பின் சிவப்பு, வாழைப்பழத்துக்குப் பின் கரும்புழுபோல் மெல்லிய இழைகள், இரும்புச் சொட்டு மருந்துக்குப் பின் கறுப்பு. எதற்கும் பயமில்லை. சிவப்பைப் பார்த்தால் முந்தின நாள் பீட்ரூட் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். கொடுக்கவில்லையென்றால் டயப்பரோடு மருத்துவரிடம் போங்கள்.

மலச்சிக்கலை நாள் கணக்கில் அளக்காதீர்கள். மூன்று நாள் கழித்து மென்மையாகப் போனால் அது சிக்கல் இல்லை. தினமும் போனாலும் உருண்டை உருண்டையாக, முக்கி அழுதுகொண்டு போனால் அதுதான் மலச்சிக்கல். சோறும் வாழைப்பழமும் மட்டுமாக ஓடும் வீட்டில் இது சகஜம். இரண்டையும் குறைத்து பேரிக்காய், உலர்ந்த பிளம், பட்டாணி ஆகியவற்றில் ஒன்றை 2 டேபிள்ஸ்பூன் கூழாக்கி 3 நாள் கொடுங்கள். உணவோடு தண்ணீர் சில மடக்குக் கூட்டுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை சைக்கிள் மிதிப்பதுபோல் அசைப்பதும் உதவும். அதற்கும் மசியவில்லையென்றால் பேரிக்காய்ச் சாறு 30 முதல் 60 மி.லி. இந்த வயதில் சாறு கொடுக்க இது ஒன்றுதான் காரணம். மலத்தில் இரத்தம், வயிறு உப்பல், பச்சை நிற வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது.

வாயைச் சுற்றிச் சிவப்பு, தடிப்பு, வாந்தி

கூழ் பட்ட இடத்தில் மட்டும் தட்டையான சிவப்பு. துடைத்து அரை மணியில் மங்குகிறது. தக்காளி, ஆரஞ்சு போன்ற புளிப்பு தோலை உறுத்தியதன் அடையாளம் இது. ஊட்டும் முன் வாயைச் சுற்றி லேசாக வாசலின் தடவினால் வராது.

கூழ் படாத வயிற்றிலும் முதுகிலும் கொசு கடித்ததுபோல் மேடு மேடாகத் தடிப்பு, கண்ணிமையும் உதடும் வீக்கம், கூடவே வாந்தி. இது ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் வரும். அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இரைப்பு, குரல் கம்முதல், தொய்ந்து போதல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

தடிப்பே இல்லாமல், சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரம் கழித்து அடுத்தடுத்து வாந்தி, முகம் வெளிறி, துவண்டு போகிறதா? அரிசி, ஓட்ஸ், பால், சோயா போன்றவற்றால் குடலில் வரும் வேறு வகை ஒவ்வாமையாக இருக்கலாம். வயிற்றுக் கிருமி என்று நினைத்து இதைத் தவறவிடுவது அதிகம். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, வாந்தி எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்புதான் பாதி வேலையைச் செய்யும்.

ஒவ்வாமைக்குப் பயந்து முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப்போடுவது பழைய அறிவுரை. 2015-இல் வெளிவந்த லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை தொடங்கித் தொடர்ந்து கொடுத்தபோது வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. நன்றாக வெந்த முட்டையை மசித்தோ, வேர்க்கடலை விழுதை வெந்நீரில் கரைத்தோ கால் டீஸ்பூனில் தொடங்குங்கள். பகல் வேளையில், ஒரு நாளில் ஒரு புது உணவு மட்டும். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு முறையாவது தொடர வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும் ஏற்கெனவே ஓர் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

மூக்கும் உள்ளங்கையும் மஞ்சளாகிறதா? கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கேரட்டும் பூசணியும் அதிகமாகிவிட்டது, குறைத்தால் சில வாரத்தில் மறையும். கண்ணும் மஞ்சளென்றால் அது காமாலை.

சிறு கட்டி இருந்தாலும் துப்புகிறது

எட்டு, ஒன்பது மாதத்தில் வரும் புகார் இது. காரணம் ஆறாம் மாதத்திலேயே விழுந்திருக்கும்: மிக்ஸியை விட மனம் வராதது. மெல்லப் பல் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, மென்மையான உணவை ஈறே மசித்துவிடும். 9, 10 மாதம் தாண்டியும் கட்டியே பழகாத குழந்தைகள் பின்னாளில் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

நீர்த்த கூழில் மிதக்கும் கட்டிதான் மிகக் கடினம். நீர் முதலில் இறங்கிவிடும், கட்டி நாக்கில் தனியாக நிற்கும். அதற்குப் பதில் மொத்த உணவையும் ஒரே சீராகக் கொரகொரப்பாக்குங்கள். முதல் 3 நாள் மிக்ஸியைப் பாதி நேரத்தில் நிறுத்துங்கள். அடுத்த 3 நாள் கரண்டியால் மசியுங்கள், அப்புறம் முள்கரண்டியால். கூடவே விரல் நீளத்துக்கு நறுக்கி நன்றாக வெந்த கேரட்டையோ உருளைக்கிழங்கையோ கையில் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் நசுங்க வேண்டும், அதுதான் வெந்ததற்கு அளவு. ஸ்பூனில் துப்பிய அதே கட்டியைத் தன் கையால் எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், தரையில் ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள்.